அட்டிக்கில் ஈரம்: கனடா வீடுகளில் நாம் செய்யும் தவறுகள்

மைனஸ் 20-இல் ஒரு வாரம் உறைந்துவிட்டு, திடீரென வெயிலடிக்கும் நாளில் மேல்மாடி சீலிங்கில் மஞ்சள் கறை தெரியும். மழையே பெய்திருக்காது. ஆனாலும் டொராண்டோ பக்கம் பலரும் உடனே கூப்பிடுவது கூரைக்காரரைத்தான். அவர் கூரை மேல் வேயும் ஷிங்கிள்ஸ் தகடுகளை மாற்றிவிட்டுப் போவார். அடுத்த குளிர்காலத்தில் அதே இடத்தில் அதே கறை வரும்.

பணத்தைக் கொட்டுவதற்கு முன், கடுங்குளிர் நாளில் அட்டிக்கின், அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள இடத்தின், மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கூரைப் பலகையைத் துளைத்து நிற்கும் ஆணி முனைகளில் வெள்ளையாக உறைபனி பூத்திருந்தால், அந்த ஈரம் வீட்டுக்குள்ளிருந்து ஏறியது. சூடான காற்று சீலிங் இடுக்குகள் வழியே மேலே போகிறது. அதிலுள்ள ஈரம் குளிர்ந்த மரத்தில் உறைந்து, குளிர் விட்டதும் உருகிச் சொட்டுகிறது.

இதற்கு அட்டிக்கில் பரப்பும் வெப்பத்தடுப்புப் பொருளான இன்சுலேஷனை இன்னும் கொட்டுவதுதான் மருந்து என்று நினைப்பது பெரிய தவறு. இன்சுலேஷனாகப் போடும் ஃபைபர்கிளாஸ் வெப்பத்தைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. இடுக்குகளை அடைக்காமல் கொட்டினால் அட்டிக் இன்னும் குளிர்ந்து, உறைபனி கூடத்தான் செய்யும். முதலில் சீலிங்கில் பதித்த பாட் லைட், ஒயர், குழாய் நுழையும் துளைகளை அடையுங்கள். அட்டிக் மூடியின் ஓரத்துக்கு ரப்பர் பட்டை ஒட்டுங்கள். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் புகைக்குழாயைச் சுற்றி மட்டும் சாதாரண ஃபோம் வேண்டாம். தகரமும் தீ தாங்கும் சீலண்டும்தான் அங்கே சரி. அப்புறம் இன்சுலேஷன் போடும்போது, கூரை ஓரத்து அடிப்பக்கமான சாஃபிட்டில் உள்ள காற்றுத் துவாரங்கள் மூடிக்கொள்ளாதபடி, காற்றுக்கு வழிவிடும் பாஃபிள் தடுப்பு வைக்கச் சொல்லுங்கள்.

பாத்ரூம் ஃபேன் குழாய் எங்கே முடிகிறது என்றும் பாருங்கள். அட்டிக்குள்ளேயே திறந்து கிடந்தால் குளிக்கும் ஆவி முழுவதும் அங்கேதான் போகும். சாஃபிட்டில் விட்டாலும் பக்கத்துத் துவாரம் அதை உள்ளே இழுத்துவிடும். இன்சுலேஷன் சுற்றிய குழாய் கூரை வழியாகவோ சுவர் வழியாகவோ வெளியே போக வேண்டும்.

காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபயரைக் குளிர் கூடும்போதும் அதே அளவிலேயே விடாதீர்கள். கடுங்குளிரில் வீட்டுக்குள் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தால் அது அதிகம். சோறு வடிக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள ஹூட் ஃபேனைப் போடுகிறோம், சரி. ஆனால் சில ஹூட்கள் ஆவியை வெளியே தள்ளாமல் சமையலறைக்கே திருப்பி விடுகின்றன.

இடுக்கை அடைக்காமல் அட்டிக்கில் மின்விசிறி பொருத்துவதும் ஆபத்து. அது வீட்டுக் காற்றையே மேலே உறிஞ்சும்.

பழைய வீடு என்றால், குறிப்பாக 1990-க்கு முன் கட்டியது என்றால், இன்சுலேஷனில் கைவைக்குமுன் அதன் நிறத்தைக் கவனியுங்கள். சாம்பல் பழுப்பில் மினுங்கும் சிறு கற்கள் போல இருந்தால் அது வெர்மிகுலைட் என்ற கனிம இன்சுலேஷனாக இருக்கலாம். அதில் மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்கலாம். கிளறாமல் மூடியை மூடிவிட்டு, சோதனை செய்பவரை அழையுங்கள்.