பள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்புகிறதா?

கடலூர் முதுநகரில் உள்ள என் பட்டறைக்கு இரண்டு மாணவர்கள் ஒரு மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். துறைமுகத்திலிருந்து மீன் பெட்டிகளை ஏற்றிச் செல்ல அவர்களே வடிவமைத்தது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. வெல்டிங் அவ்வளவு சுத்தம். ஆனால் ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தாலே ஸ்டீயரிங் வெட்டி இழுக்கிறது. டயரை மாற்றினார்கள், ஸ்பிரிங்கை மாற்றினார்கள்; இழுப்பு நிற்கவில்லை.

நான் ஸ்பிரிங்கைக் கழற்றச் சொன்னேன். ஸ்டீயரிங்கை அசையாமல் கட்டிவிட்டு, சக்கரத்தோடு ஒரு நேரான பலகையைப் பிணைத்து, அதன் முன்முனையில் தூக்குக்குண்டு தொங்கவிட்டோம். ஜாக்கியால் சக்கரத்தை ஏற்ற ஏற்ற, குண்டு நின்ற இடத்தைத் தரையில் சுண்ணாம்பால் குறித்தோம். 5 செ.மீ. ஏறியபோது குறி ஒரு விரற்கடை உள்ளே போயிருந்தது. ஸ்டீயரிங்கை யாரும் தொடவில்லை. சக்கரம் மட்டும் திரும்பியிருக்கிறது.

புதிதாக வடிவமைப்பவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான்: சக்கரத்தை ஏறி இறங்க விடும் சஸ்பென்ஷனை முதலில் முடித்துவிட்டு, ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியான டை ராடை மிஞ்சிய இடத்தில் செருகுவது. சக்கரம், தன்னை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் தண்டுகளின், அதாவது கைகளின், நீளத்துக்கு ஏற்ற வட்டத்தில் ஏறி இறங்குகிறது. டை ராடின் முனைக்கு வேறொரு வட்டம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ராட் சக்கரத்தை இழுத்தே தீரும். அவர்கள் வண்டியில் மேல் கையும் கீழ்க் கையும் இணையாக, 40 செ.மீ. நீளத்தில் இருந்தன, டை ராடோ வெறும் 22. ராடின் உள்முனையை நகர்த்தி அதையும் 40 ஆக்கி, கைகளுக்கு இணையாக வைத்ததும் சுண்ணாம்புக் குறிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. அந்தப் பிள்ளைகளின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்!

இரு முன்சக்கரங்களும் ஒரே கோணத்தில் திரும்பினால் போதும் என்று நினைப்பதும் தவறு. அச்சுகளுக்கு இடையே 2 மீட்டர், சக்கரங்களுக்கு இடையே 1.2 மீட்டர் உள்ள வண்டி 4 மீட்டர் ஆரத்தில் திரும்ப, உள்சக்கரம் சுமார் 30.5 பாகை, வெளிச்சக்கரம் 23.5 பாகை திரும்ப வேண்டும். இல்லையென்றால் டயர் தரையில் தேய்ந்துகொண்டே வரும். மியூனிக்கின் வண்டித் தச்சர் லாங்கன்ஸ்பெர்கர் 1817-இலேயே இதற்கு வழி கண்டார். லண்டனில் 1818-இல் காப்புரிமை வாங்கிய ஆக்கர்மானின் பெயர்தான் அதற்கு நிலைத்தது. பழைய காப்புரிமைகளைத் தேடிப் படிக்காமல் வரைபடத்தில் கை வைக்காதீர்கள்.

ஸ்பிரிங்கை முழுச் சுமைக்கு மட்டும் கணக்கிடாதீர்கள். சுமையோடு 16 செ.மீ. அமுங்கும் ஸ்பிரிங்கில் வண்டி நொடிக்குச் சுமார் 1.25 முறை ஆடும். அதுவே ஸ்பிரிங் மேல் எடை கால்பங்காகி 4 செ.மீ. அமுங்கினால் 2.5 முறை. மீனை இறக்கிவிட்டுத் திரும்பும் ஓட்டுநரின் முதுகுதான் அதற்கு விலை கொடுக்கும்.

நல்ல யோசனை என்று தெரிந்தால், கண்காட்சியில் வைப்பதற்கு முன்பே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். வெளியே காட்டிவிட்டால் 'புதுமை' என்ற தகுதியே போய்விடலாம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகம்தான். யோசனையை விவரிக்கும் தற்காலிக விவரக்குறிப்பை முதலில் கொடுத்துவிட்டு, 12 மாதங்களுக்குள் முழுமையானதைத் தரலாம்.

இன்னொன்று, மீன் பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். மாணவர்களின் வண்டியில் அது நேராக பால் ஜாயின்ட் (எப்பக்கமும் அசையும் குண்டு மூட்டு) மேல் விழுந்தது. ரப்பர் உறையும் இல்லை. உறை போட்டு, சொட்டுவதைத் திருப்பிவிட ஒரு தகரத் தகடும் வைத்த பிறகுதான் வண்டியைத் துறைமுகத்துக்கு அனுப்பினேன்.