இன்ச், அடி, யூனிட், லிட்டர்: வீடு கட்டும் இடத்தில் கன அளவு எடுப்பது எப்படி

நீளம் × அகலம் × உயரம் என்ற சூத்திரம் எல்லோருக்கும் தெரியும். பெருக்கலில் தப்பு வருவது அபூர்வம். டேப்பில் பார்த்ததை எண்ணாக எழுதும் இடத்தில்தான் கணக்கு கெடுகிறது. 4 அடி 6 இன்ச் என்பதை 4.6 என்று எழுதிவிடுகிறார்கள். அது 4.5. ஒரு அடிக்கு 12 இன்ச் என்பதால் இன்ச்சை 12ஆல் வகுத்துத்தான் புள்ளிக்குப் பின் எழுத வேண்டும்: 3 இன்ச் 0.25, 4 இன்ச் 0.33, 5 இன்ச் 0.42, 6 இன்ச் 0.5, 9 இன்ச் 0.75. கன அளவில் மூன்று அளவுகளைப் பெருக்குவதால் மூன்றிலும் உள்ள பிழை ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும்.

இன்ச்சிலேயே அளந்து பெருக்கினால் கிடைப்பது கன இன்ச். அதைக் கன அடியாக்க 12ஆல் வகுத்தால் போதாது, 1,728ஆல் வகுக்க வேண்டும் (12 × 12 × 12). எல்லா அளவையும் முதலிலேயே அடிக்கு மாற்றிவிட்டுப் பெருக்குவது பாதுகாப்பு.

மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய மாற்றங்கள் கொஞ்சம்தான். 1 கன அடி = 28.3 லிட்டர். 1 கனமீட்டர் = 1,000 லிட்டர் = 35.3 கன அடி. மணல், ஜல்லி வியாபாரத்தில் 1 யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கனமீட்டர். பரப்புக்குச் சொல்லும் சதுரம் (100 சதுர அடி) வேறு, யூனிட் வேறு. இரண்டிலும் நூறு இருப்பதால் குழப்பிக்கொள்கிறார்கள். அணைச் செய்திகளில் வரும் டி.எம்.சி. கூட இதே குடும்பம்தான்: 1 டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி, சுமார் 2,832 கோடி லிட்டர். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.

சம்ப்

தண்ணீர் சேர்த்து வைக்கும் நிலத்தடித் தொட்டிதான் சம்ப். உள்ளளவை மட்டும் எடுங்கள், அதுவும் பூச்சு வேலை முடிந்த பிறகு. உள்ளே 8 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி ஆழம் என்றால் 288 கன அடி, சுமார் 8,150 லிட்டர். 9 இன்ச் சுவரோடு சேர்த்து வெளியளவை எடுத்தால் 9.5 × 7.5 × 6 = 427.5 கன அடி, அதாவது 12,100 லிட்டர் என்று வரும். சுவரையும் தண்ணீராகக் கணக்குப் போட்டதால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

அந்த 8,150 லிட்டரும் முழுதாகக் கைக்கு வராது. நிரம்பி வழியும் குழாய் மேலிருந்து 9 இன்ச் கீழே இருந்தால் தண்ணீர் நிற்கும் ஆழம் 5.25 அடிதான்: 252 கன அடி, சுமார் 7,130 லிட்டர். ஃபுட் வால்வு (மோட்டாரின் உறிஞ்சு குழாய் முனையில் உள்ள வால்வு) தரையிலிருந்து 6 இன்ச் மேலே இருந்தால் அடியில் தங்கும் 24 கன அடியையும் கழிக்க வேண்டும். மோட்டார் போட்டு எடுக்கக்கூடியது சுமார் 6,450 லிட்டர். குடும்பத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று பார்த்து சம்ப் திட்டமிடுபவர்கள் இந்தக் கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுக் குழி தோண்டச் சொல்ல வேண்டும்.

லாரித் தண்ணீர் வாங்குபவர்களுக்கு இதில் ஒரு நல்ல வசதி உண்டு. இந்த சம்ப்பின் தரை 48 சதுர அடி. தண்ணீர் 1 இன்ச் ஏறினால் 4 கன அடி, அதாவது 113 லிட்டர் சேர்ந்திருக்கிறது. 6,000 லிட்டர் லாரி முழுதாக இறங்கினால் மட்டம் 53 இன்ச் ஏற வேண்டும். இன்ச் குறித்த ஒரு நேரான கம்பை மூடிக்கருகில் வைத்திருந்து, லாரி ஊற்றும் முன் ஒருமுறை, பின் ஒருமுறை விட்டுப் பார்த்தால் போதும். அந்த நேரத்தில் மோட்டார் ஓடக்கூடாது, வேறு குழாயிலிருந்தும் தண்ணீர் விழக்கூடாது.

வட்டத் தொட்டிக்கு ஆரம் × ஆரம் × 3.14 × உயரம். குறுக்களவை ஆரம் என்று எடுத்துக்கொண்டால் விடை நான்கு மடங்காகிவிடும். குறுக்களவு 1.1 மீட்டர், தண்ணீர் நிற்கும் உயரம் 1.1 மீட்டர் என்றால் ஆரம் 0.55, கொள்ளளவு 1.045 கனமீட்டர், 1,045 லிட்டர். நடுப்புள்ளி பிடிபடாத தொட்டியில் நூலைச் சுற்றி அளந்து 3.14ஆல் வகுத்தால் வெளிக் குறுக்களவு கிடைக்கும். சிமென்ட் உறை என்றால் அதிலிருந்து சுவர்த் தடிமனை இரண்டு முறை கழிக்க மறக்காதீர்கள்.

ரூஃப் கான்கிரீட்

30 அடிக்கு 20 அடி ரூஃப், கனம் 5 இன்ச். 600 × 0.417 = 250 கன அடி, 7.08 கனமீட்டர். 5 இன்ச்சை 0.5 அடி என்று எழுதியவருக்கு 300 கன அடி வரும். ரெடிமிக்ஸ் (ஆலையில் கலந்து லாரியில் வரும் கான்கிரீட்) கனமீட்டர் கணக்கில் விற்கப்படுவதால் 1.4 கனமீட்டருக்கு வீணாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். பீமைத் தனியாகச் சேர்க்க வேண்டும், ஆனால் ரூஃபுக்குக் கீழே தொங்கும் பகுதியை மட்டும்: பீமின் மொத்த ஆழம் 18 இன்ச் என்றால் 13 இன்ச்தான் கணக்கு. மீதி 5 இன்ச் ரூஃபில் ஏற்கெனவே வந்துவிட்டது.

இடத்திலேயே கலக்குவதாக இருந்தால் இன்னொரு படி உண்டு. 250 கன அடி கான்கிரீட்டுக்கு 250 கன அடி பொருள் போதாது. ஜல்லிக்கு இடையிலுள்ள சந்தில் மணலும், மணலுக்கு இடையிலுள்ள சந்தில் சிமென்ட்டும் போய் அடைவதால் அளவு சுருங்கும். அதற்காக 1.54ஆல் பெருக்குவது வழக்கம்: 385 கன அடி. 1:1.5:3 கலவையில் மொத்தம் 5.5 பங்கு, ஒரு பங்கு 70 கன அடி. ஆக சிமென்ட் 70, மணல் 105, ஜல்லி 210 கன அடி. 50 கிலோ மூட்டை சுமார் 1.23 கன அடி. எனவே 57 மூட்டை. சேதாரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மணல் லாரி

பாடியின் உள் நீளம், உள் அகலம், மணலின் உயரம். இதில் உயரத்தைத்தான் கவனமாக எடுக்க வேண்டும். மணல் நடுவில் கும்பமாகவும் ஓரத்தில் சரிந்தும் இருக்கும். மெல்லிய கம்பியை நான்கு மூலையிலும் நடுவிலும் தகடு தட்டும்வரை குத்தி, ஐந்து அளவின் சராசரியை எடுங்கள். 12 அடி × 6 அடி 9 இன்ச் × 2 அடி 6 இன்ச் = 12 × 6.75 × 2.5 = 202.5 கன அடி, இரண்டு யூனிட். இதையே 6.9, 2.6 என்று எழுதினால் 215 வரும். இல்லாத 13 கன அடி மணலுக்குப் பணம் போகும். கீழே கொட்டிய பிறகு குவியலை அளப்பது நம்பகமில்லை.

அளவு சரியாக இருந்தாலும் மணல் ஈரமாக இருந்தால் கணக்கு இன்னும் முடியவில்லை. லேசான ஈரம் ஒவ்வொரு மணியைச் சுற்றியும் படலமாக ஒட்டி, மணிகளை விலக்கி வைக்கிறது. நைஸ் மணலில் இந்த உப்பல் கால் பங்குக்கு மேல்கூடப் போகும். சோதிப்பது எளிது. நேரான பக்கங்கள் உள்ள கண்ணாடி ஜாடியில் ஈர மணலை அழுத்தாமல் 20 சென்டிமீட்டர் நிரப்புங்கள். மணலைத் தட்டில் கொட்டி, ஜாடியில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, மணலைத் திரும்பப் போட்டுக் கம்பியால் நன்றாகக் கிளறி அடங்க விடுங்கள். முழுக்க நனைந்ததும் படலம் உடைந்து மணல் இறங்கிவிடும். 16 சென்டிமீட்டரில் நின்றால் (20 − 16) ÷ 16, அதாவது 25 சதவீத உப்பல். அந்த லாரியின் 100 கன அடியில் உண்மையான மணல் 80தான். மேலே சொன்ன ரூஃபுக்கு 105க்குப் பதில் 131 கன அடி ஈர மணல் போட வேண்டும். இல்லையென்றால் கலவையில் மணல் குறைந்து கான்கிரீட்டில் பொத்தல் விழும்.

மழைக்காலத்தில் ஒவ்வொரு லோடுக்கும் இதைச் செய்யுங்கள், நேற்று வந்த மணலின் சதவீதம் இன்றைய மணலுக்குப் பொருந்தாது. ஜல்லிக்கு இந்தச் சோதனை தேவையில்லை. மணிகள் பெரிதாக இருப்பதால் ஈரத்தில் சொல்லும்படி உப்பாது.