வேர்டில் சிவப்புக் கோடு நிறைந்து கிடக்கிறதா?

திருப்பூரில் பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) ஆங்கிலத்தில் கடிதம் அடிப்பவர்களும், ஈரோட்டில் டிடிபி கடை வைத்திருப்பவர்களும் அடிக்கடி கேட்பது: "சரியாத்தானுங்க அடிச்சிருக்கேன், அப்புறம் ஏன் சிவப்புக் கோடு?" பெரும்பாலும் எழுத்துப்பிழை இல்லை, மொழி அமைப்புதான் காரணம்.

வேர்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மொழி ஒட்டியிருக்கும். மெயிலிலிருந்து காப்பி செய்து ஒட்டினால் அந்த மொழியும் கூடவே வந்துவிடும். கன்ட்ரோல் ஏ அழுத்தி, ரிவியூ, லாங்வேஜ், செட் ப்ரூஃபிங் லாங்வேஜ் என்று போங்கள். லண்டன் பையர் என்றால் இங்கிலீஷ் யுனைடெட் கிங்டம். 'டு நாட் செக் ஸ்பெல்லிங் ஆர் கிராமர்' கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பிழை இருந்தும் கோடே வராததற்கு அதுதான் காரணமாக இருக்கலாம். புதிய கோப்புகளுக்கும் இதுவே வேண்டுமென்றால் செட் ஆஸ் டிஃபால்ட். ஹெட்டர், ஃபுட்டர், டெக்ஸ்ட் பாக்ஸ் ஆகியவை கன்ட்ரோல் ஏ-யில் சேராது, தனியாக மாற்ற வேண்டும்.

தமிழும் ஆங்கிலமும் கலந்த கோப்பா? மொத்தமாகத் தேர்ந்தெடுக்காமல், தமிழ்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்துத் தமிழ் என்று கொடுங்கள். தமிழ்ப் பிழை பார்க்க மைக்ரோசாஃப்ட் தரும் இலவசத் தமிழ் மொழித் தொகுப்பை நிறுவ வேண்டும்.

கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்கள் முக்கியமாகக் கவனியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். மொழியை மாற்றினால் மட்டும் பிழையைச் சரியாகப் பார்க்க முடியாது. யூனிகோடுக்கு (உள்ளேயும் தமிழ் எழுத்தாகவே பதியும் முறைக்கு) மாற்றிவிடுவதே நல்லது. அவசரமென்றால் அந்தப் பகுதிக்கு மட்டும் மேலே சொன்ன டிக்கைப் போட்டுவிடுங்கள்.