வாங்கிய வீட்டைத் தேடி முன்னாள் உரிமையாளரின் கடன் வந்தால்: செய்ய வேண்டியவை

பெருந்துறைக்கு அருகே நாங்கள் வீடு வாங்கிக் குடிபுகுந்த பத்தாம் நாள், வாசலில் வண்டியை நிறுத்திய இரண்டு இளைஞர்கள் விற்றவரின் பெயரைச் சொல்லி விசாரித்துவிட்டு, "ஊடு இப்ப உங்க பேர்லதானுங்க இருக்குது, பாக்கிய நீங்கதானுங்களே கட்டோணும்?" என்று கேட்டார்கள். அது விற்றவரின் தனிநபர் கடன் என்பதால் நான் கட்ட வேண்டியிருக்கவில்லை. ஆனால் எல்லாக் கடனுக்கும் அந்தப் பதில் பொருந்தாது.

முதல் படி: வந்திருக்கும் கடன் ஆள்மேல் நிற்கிறதா, வீட்டின்மேல் நிற்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். கைமாற்று, தனிநபர் கடன், கிரெடிட் கார்டு, சீட்டுப் பாக்கி ஆகியவை கடன் வாங்கியவரோடு போய்விடும். அடமானம், சொத்து வரி, மின் கட்டண நிலுவை ஆகியவை வீட்டோடு நிற்கும். கைமாற்றுக் கடனாகவே இருந்தாலும், கடன் கொடுத்தவர் வழக்குத் தொடுத்து, கிரயத்துக்கு முன்பே நீதிமன்றம் வீட்டை ஜப்தி செய்திருந்தால், அதுவும் இரண்டாம் வகைக்கு மாறிவிடும்.

இரண்டாம் படி: ஆள்மேல் நிற்கும் கடனுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், எதிலும் கையெழுத்திடாதீர்கள். "இந்த முகவரியிலுள்ள வீட்டை இன்ன தேதியில், இன்ன எண்ணுள்ள பத்திரத்தின்படி நான் கிரயம் பெற்றுள்ளேன்; தாங்கள் குறிப்பிடும் கடனில் நான் கடனாளியோ ஜாமீன்தாரரோ அல்ல" என்று எழுதி, ஒப்புகையுடன் தபாலில் அனுப்பினாலே பெரும்பாலும் வருகை நின்றுவிடும். கடன் வாங்கியவரையே காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூல் முகவர்கள் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவர்கள் தொடர்ந்து வந்தால் முதலில் அந்த வங்கிக்கே எழுத்துமூலம் புகார் செய்யுங்கள். 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்பதற்கு 14448 என்ற எண் இருக்கிறது.

மூன்றாம் படியில் அவசரப்படாதீர்கள். கிரயத்துக்கு முன்பே வில்லங்கம் பார்த்திருப்பீர்கள். இப்போது பதிவுத்துறையின் இணையதளத்தில் மறுபடியும் பாருங்கள். சர்வே எண் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் தனித்தனியே தேட வேண்டும். கிராமம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்தின் பெயரிலும் தேட வேண்டும். அடமானப் பதிவு ஒன்று தென்பட்டால், அதன் கடன் அடைந்ததற்கான 'ரசீது' ஆவணம் பின்னால் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நம் பகுதியில் கடனுக்கு ஈடாகக் கிரய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யும் வழக்கமும் உண்டு. ரத்தாகாத ஒப்பந்தம் கண்ணில் பட்டால் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

வில்லங்கச் சான்று பதிவானதை மட்டுமே காட்டும். மூலப்பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துவிட்டு, அதைப் பதிவு செய்யாமலே விட்டிருந்தால் சான்று சுத்தமாகத்தான் வரும். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கும் சோமனூரில் தறிக்குடோனுக்கும் வாங்கும் தொழில் கடனுக்கு உறவினரின் வீட்டுப் பத்திரத்தை ஈடாக வைப்பது சாதாரணம் என்பதால், 'வீட்டுக்கடன் எதுவுமில்லை' என்று விற்றவர் சொன்னது முழு உண்மையாக இருந்தும் வீடு அடமானத்தில் இருக்கக் கூடும். அசல் மூலப்பத்திரம் உங்கள் கைக்கு வராமல் நகல் மட்டும் வந்திருந்தால், என்னைக் கேட்டால், அதுவே முதல் அபாயக் குறி. வங்கி அடமானங்களைப் பதிவு செய்யும் செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டில் சிறு கட்டணம் செலுத்தி யாரும் தேடிப் பார்க்கலாம்.

நான்காம் படி: மின் நிலுவையையும் சொத்து வரியையும் கட்டி, இரண்டையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய மின் நிலுவையைப் புதிய உரிமையாளரிடம் கேட்க விதிகள் இடம் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்திருக்கிறது. கிரயத் தேதி வரையிலான பொதுக் கட்டணங்கள் விற்றவரின் பொறுப்பு என்று 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்வதால், ரசீதுகளை இணைத்து அவரிடம் திரும்பக் கேளுங்கள். உங்கள் கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால், பின்னிட்டு வில்லங்கம் தோன்றினால் 'என் சொந்தப் பொறுப்பிலும் இதர சொத்துக்களைக் கொண்டும்' தீர்த்துத் தருவேன் என்பது போன்ற வாசகம் பெரும்பாலும் இருக்கும். அந்த வரியை அப்படியே கடிதத்தில் எடுத்தெழுதுங்கள்.

ஐந்தாம் படி வங்கி அடமானம் மெய்யென்று தெரிந்தவர்களுக்கு மட்டும். அடமானச் சொத்தை வங்கி கைப்பற்ற வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, வங்கி முதலில் கடனாளிக்கு 60 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் அனுப்பும். அது உங்களுக்கு வராமலே போகலாம். பிறகு சுவாதீன அறிவிப்பைச் சுவரில் ஒட்டி, இரண்டு நாளிதழ்களிலும் வெளியிடும். ஒட்டிய காகிதத்தைக் கிழிக்காமல் தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே வழக்கறிஞரைப் பாருங்கள். பாதிக்கப்பட்ட எவரும் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம், அது கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. ஆனால் அதற்குரிய 45 நாட்கள், நீங்கள் அந்தக் காகிதத்தைப் பார்த்த நாளிலிருந்து அல்ல, வங்கி நடவடிக்கை எடுத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்குகின்றன.