பென்டகன் ஆவணங்களை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

பென்டகன் ஆவணங்கள் என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ரகசிய வியட்நாம் போர் ஆய்வு. அதில் பணியாற்றிய டேனியல் எல்ஸ்பெர்க் கசியவிட்டு 1971-இல் பத்திரிகைகளில் வெளியானது. மொத்தம் 47 தொகுதி, சுமார் 7,000 பக்கம். வரிசையாகப் படிக்க உட்கார்ந்தால் 1940-களிலேயே சலித்துவிடும்.

அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் 2011-இல் வெளியிட்ட முழுப் பிரதியை அதன் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். அமெரிக்க செனட்டர் மைக் கிராவலின் பெயரில் வந்த பழைய பதிப்பு முழுமையானதல்ல.

முதலில், ஆய்வுக் குழுவின் தலைவர் லெஸ்லி கெல்பின் முன்கடிதம். முடிவெடுத்த முக்கியப் புள்ளிகளை நேர்காணல் செய்ய அனுமதி இல்லை என்று அதில் அவரே சொல்லிவிடுகிறார். இதைப் படிக்காதவர்கள்தான் அதிபரின் மனக்கணக்கெல்லாம் உள்ளே இருக்கிறது என்று நம்பி ஏமாறுவார்கள்.

பிறகு நேராக 1965. ஒரு தேதியைப் பிடித்து, அரசு வெளியே சொன்னதையும் உள்ளே எழுதியதையும் அருகருகே வையுங்கள். ஏப்ரல் 6-ஆம் தேதியிட்ட, அதிபர் ஜான்சனின் முடிவைச் சொல்லும் 328-ஆம் எண் உத்தரவு நல்ல தொடக்கம்: மரைன் படைக்குக் காவலைத் தாண்டித் தாக்கவும் அனுமதி, கூடவே செய்தி வெளியே பரவாமல் பார்த்துக்கொள்ளக் கட்டளை. பாதுகாப்புத் துறை அதிகாரி ஜான் மெக்நாட்டன் மார்ச் 24-இல் எழுதிய குறிப்பு இன்னும் அப்பட்டம். போரின் நோக்கத்தில் 70 விழுக்காடு, அமெரிக்காவுக்கு அவமானத் தோல்வி வராமல் தடுப்பது. தென் வியட்நாம் மக்களின் நல்வாழ்வுக்கு வெறும் 10.

எல்லாம் மங்கிய தட்டச்சுப் பக்கங்களின் ஸ்கேன். தேடினால் கிடைக்காத சொல், பக்கத்தில் இருக்கவே செய்யலாம். உள்ளடக்கப் பட்டியலைப் பார்த்தே போங்கள். குறிப்பெடுக்கையில் பக்க எண்ணோடு பகுதி எண்ணையும் எழுதுங்கள்.