வீட்டு விலையைவிட மோர்ட்கேஜ் அதிகமா? இங்கிலாந்தில் விற்பதும் துண்டு விழுவதை அடைப்பதும்

தெற்கு லண்டனில் கிராய்டன் பக்கம் இருந்த எங்கள் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டை விற்கக் கிளம்பியபோது எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். முதலில் 'விற்பனைக்கு' என்று போர்டு மாட்டினேன், அப்புறம் ஆள் கிடைத்தார், விலையும் படிந்தது. அதற்குப் பிறகுதான் சொலிசிட்டர் (விற்பனை வேலையைப் பார்க்கும் வழக்கறிஞர்) போனில் கேட்டார்: "மீதிப் பணத்தை எப்போது அனுப்புவீர்கள்?" எந்த மீதி என்று நான் திருப்பிக் கேட்டதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வாங்க வந்தவர் மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டாம் முறை செய்த வரிசைதான் கீழே இருப்பது. இது இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறை. ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.

நெகட்டிவ் ஈக்விட்டி என்றால், வீடு இன்று போகும் விலையைவிட அதன் மேல் இருக்கும் கடன் பெரிதாக இருப்பது. 1990களின் தொடக்கத்திலும் 2008 நெருக்கடிக்குப் பிறகும் ஏராளமானோர் இதில் மாட்டினார்கள். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீ விபத்துக்குப் பின் வந்த கிளாடிங் (தீப்பிடிக்கும் வெளிச்சுவர்ப் பூச்சுப் பலகை) சிக்கலும், ஏறிக்கொண்டே போகும் சர்வீஸ் சார்ஜும் (கட்டடப் பராமரிப்புக் கட்டணம்) நிறைய ஃபிளாட்களை இதே குழியில் தள்ளியிருக்கின்றன.

படி 1: உண்மையான கணக்கைப் போடுங்கள்

வங்கி ஆப்பில் தெரியும் பாக்கித் தொகையை நம்பாதீர்கள். வங்கியைக் கூப்பிட்டு 'ரிடெம்ப்ஷன் ஸ்டேட்மெண்ட்' கேளுங்கள். ஒரு குறிப்பிட்ட தேதியில் கடனை முழுதாக அடைக்க எவ்வளவு வேண்டும் என்று அதில் பைசா சுத்தமாக இருக்கும். ஃபிக்ஸ்டு ரேட் காலம் முடியவில்லை என்றால், முன்கூட்டி அடைப்பதற்கான அபராதமும் அதிலேயே வரும்.

வீட்டின் விலைக்கு, ஏஜெண்ட் ஆசை காட்டும் தொகையை விட்டுவிட்டு, உங்கள் தெருவில் சமீபத்தில் கைமாறிய விலைகளை லேண்ட் ரெஜிஸ்ட்ரி (அரசின் சொத்துப் பதிவகம்) தளத்தில் பாருங்கள். இப்போது ஒரு கணக்கு. தொகைகள் உதாரணத்துக்குத்தான்.

கடன் பாக்கி 2,62,000 பவுண்ட். வீடு 2,50,000க்குப் போகும். பார்த்தவுடன் 12,000 துண்டு விழுகிறது என்று தோன்றும். 2% அபராதம் என்றால் 5,240. ஏஜெண்ட் கமிஷன் 1.5%, வாட் வரியோடு 4,500. சொலிசிட்டருக்கு 1,800. ஃபிளாட் என்பதால் நிர்வாகக் கம்பெனி தரும் ஆவணக் கட்டுக்கு 400. கூட்டினால் 2,73,940. அதாவது துண்டு விழுவது 12,000 இல்லை, 23,940.

இதே ஆள் ஃபிக்ஸ்டு காலம் முடியும்வரை காத்திருந்தால் அபராதம் போய்விடும், 18,700இல் நிற்கும். அதற்குள் விலை இன்னும் இறங்காமல் இருக்க வேண்டும், அதுவேறு விஷயம்.

வீடு வாங்க அரசு உதவிய 'ஹெல்ப் டு பை' கடனில் வாங்கியவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. அந்தக் கடன் வீட்டு விலையில் சதவீதமாகக் கணக்கிடப்படுவது, விலை இறங்கினால் அதுவும் இறங்கும். ஆனால் விற்கும்போது அதையும் அடைத்தாக வேண்டும். ஆர்.ஐ.சி.எஸ். (சர்வேயர்களின் தொழில்முறை அமைப்பு) அங்கீகாரம் பெற்ற சர்வேயர் ஒருவரின் மதிப்பீடும் வேண்டும். அது 3 மாதம்தான் செல்லும்.

படி 2: போர்டு மாட்டும் முன் வங்கியோடு பேசுங்கள்

நான் கோட்டைவிட்டது இங்கேதான். ஊரில் வில்லங்கச் சான்றிதழ் பார்த்துத்தானே இடம் வாங்குவோம்? இங்கேயும் அதே கதை. உங்கள் வீட்டின் மேல் வங்கியின் உரிமை லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் ஏறியிருக்கிறது. கடன் முழுதாக அடையாமல், அல்லது வங்கி தனியாகச் சம்மதிக்காமல், அந்த வில்லங்கம் நீங்காது. வில்லங்கத்தை நீக்கித் தருவதாக உங்கள் சொலிசிட்டர் எதிர்த்தரப்புக்கு உறுதிமொழி கொடுக்க வேண்டும். பணத்துக்கு வழி தெரியாமல் எந்த சொலிசிட்டரும் அப்படிக் கொடுக்கமாட்டார். 'விற்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொள்ளலாம்' என்று நீங்களாக முடிவு செய்தால் எக்ஸ்சேஞ்ச் நாள் (இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கட்டுப்படும் நாள்) வரவே வராது.

படி 3: பணத்துக்கு வழி

கையில் சேமிப்பு இருந்தால் அதுவே சுலபம். வீட்டில் யாராவது கொடுத்தாலும் சரி. ஆனால் சீட்டு எடுத்தோ கைமாற்று வாங்கியோ ரொக்கமாகக் கொண்டுபோனால் சொலிசிட்டர் ஏற்கமாட்டார். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது அவர்களுக்குச் சட்டக் கடமை. பேங்க் ஸ்டேட்மெண்ட் தயாராக இருக்கட்டும்.

அதுவும் இல்லை என்றால் வங்கியிடமே கேட்கலாம். சில வங்கிகளில் 'அசிஸ்டட் வாலண்டரி சேல்' என்ற ஏற்பாடு உண்டு. குடும்ப வரவு செலவு, விற்கும் காரணம், வந்த ஆஃபர் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். வங்கி தன் பங்குக்கு மதிப்பீடு செய்துவிட்டு, விலை நியாயம் என்று பட்டால் விற்பனைப் பணத்தை வாங்கிக்கொண்டு வில்லங்கத்தை நீக்கும். மீதி, வீட்டை ஈடாக வைக்காத தனிக் கடனாக மாறி மாதத் தவணையாக வரும். அந்த மீதிக்கு வட்டி உண்டா, தவணை எவ்வளவு, கிரெடிட் ஃபைலில் (உங்கள் கடன் வரலாற்றுப் பதிவு) எப்படிப் பதியும்: இந்த மூன்றையும் கடிதத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது காற்றோடு போய்விடும்.

வேறு வீடு வாங்கப் போகிறவர்கள் பற்றாக்குறையைப் புது மோர்ட்கேஜுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். ஒழுங்காகக் கட்டிவந்த பழைய வாடிக்கையாளருக்கு மட்டும் சில வங்கிகள் அனுமதிக்கும். எனக்குக் கிடைக்கவில்லை.

பர்சனல் லோனை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். தவணை ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்தால் புதுக் கடன் வாங்கும் முன் ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் மூன்றில் ஒன்றைக் கூப்பிடுங்கள். ஆலோசனை இலவசம்.

சாவியை நீட்டிவிட்டு வரலாமா?

"சாவியை உறையில் போட்டு பேங்குக்கு அனுப்பிட்டு வா" என்றான் அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன். கலிபோர்னியாவில் குடியிருக்க வீடு வாங்கிய கடனுக்கு அது ஓரளவு பொருந்தும். அங்கே வீட்டை எடுத்துக்கொண்ட பிறகு மீதிக் கடனுக்காக வங்கி உங்களைத் துரத்த முடியாது. இங்கே முடியும். சாவி போனாலும், வங்கி வீட்டை விற்கும் நாள்வரை வட்டி ஓடும். ஏலத்தில் போனால் விலையும் குறையலாம், அந்தச் செலவும் உங்கள் தலையில் ஏறும். மீதி அசலைக் கேட்டு வழக்குப் போட வங்கிக்கு 12 ஆண்டு அவகாசம், வட்டிக்கு 6 ஆண்டு. இருவர் பெயரில் கடன் இருந்தால், மணமுறிவே ஆகியிருந்தாலும், முழுத் தொகையையும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

படி 4: விலை படிந்தது முதல் கம்ப்ளீஷன் (பணமும் சாவியும் கைமாறும் நாள்) வரை

சர்வே முடிந்ததும் வாங்குபவர் 5,000 குறைக்கச் சொல்வது இங்கே சகஜம். மற்றவருக்கு அது லாபத்தில் குறையும், நமக்குப் பற்றாக்குறையில் ஏறும். குறைந்த விலைக்கு வங்கியிடம் மறுபடி அனுமதி கேட்க வேண்டிவரும். முதலிலேயே கொஞ்சம் இடைவெளி வைத்துக் கணக்கிடுங்கள்.

நாள் தள்ளினாலும் காசுதான். மேலே சொன்ன 2,62,000 கடனுக்கு 5% வட்டி என்றால் ஒரு நாளுக்குக் கிட்டத்தட்ட 36 பவுண்ட், ஒரு வாரம் தள்ளினால் 250. புதுத் தேதிக்குப் புது ஸ்டேட்மெண்ட் கேளுங்கள்.

மீதிப் பணம் கம்ப்ளீஷனுக்கு முன்பே சொலிசிட்டர் கணக்கில் விழுந்திருக்க வேண்டும். ஆப்பில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற வரம்பு இருக்கும், முந்தின வாரமே பார்த்துவிடுங்கள். கணக்கு எண்ணை மின்னஞ்சலில் வந்தபடி நம்பாமல், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் அலுவலக எண்ணுக்கு போன் செய்து ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சொலிசிட்டர் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பிப் பணம் பறிக்கும் கும்பல்கள் இருக்கின்றன.

டைரக்ட் டெபிட்டை (தவணையைக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் ஏற்பாடு) அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள், வங்கி கணக்கை முடித்த கடிதம் வந்த பிறகு நிறுத்தினால் போதும். மீதியில் ஒரு பகுதியை வங்கி தள்ளுபடி செய்திருந்தால், 'இனி எதுவும் கேட்கமாட்டோம்' என்று எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். அந்தத் தாளை 12 ஆண்டுகளுக்கு எறியாதீர்கள். என்னுடையது பாஸ்போர்ட் இருக்கும் பையில்தான் இருக்கிறது.