கைக்குழந்தையோடு மலைக்குப் போகிறீர்களா? தோல் வெடிக்காமல் பார்த்துக்கொள்ளும் வழி

கடலூரிலும் புதுச்சேரியிலும் வளரும் கைக்குழந்தையின் தோலுக்கு வறட்சி பழக்கமில்லை. அதற்குப் பழக்கமானது வேர்க்குரு, டயப்பர் புண், கழுத்து மடிப்பில் வியர்வை ஊறிச் சிவப்பது. நம் வீட்டு வழக்கங்களும் ஈரத்தைப் போக்கவே ஏற்பட்டவை. தினமும் சுடச்சுட வெந்நீர், பயத்தமாவு, கழுத்துக்கும் அக்குளுக்கும் பவுடர், கடைசியில் சாம்பிராணிப் புகை. ஜனவரியில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய் இதையே செய்தால் ஓரிரு நாளில் கன்னம் சிவந்து சொரசொரத்துவிடும். மலையில் கணக்கு தலைகீழ்: தண்ணீர் குறைய வேண்டும், பிசுக்கு கூட வேண்டும்.

காரணம் காற்றில் இருக்கிறது. நம் கடற்கரையில் 28 டிகிரி வெயிலில், 80 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 22 கிராம் நீராவி இருக்கும். 5 டிகிரி குளிரில், காற்று முழுக்க நிறைந்திருந்தாலும் 7 கிராமுக்கு மேல் தாங்காது. அந்தக் காற்றை அறைக்குள் ஹீட்டர் போட்டு 22 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறக்குறைய 33 சதவீதத்துக்கு இறங்கிவிடும். குழந்தையின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது, நீரைப் பிடித்துவைக்கும் திறனும் குறைவு. வறண்ட காற்று அந்த நீரை இழுத்துக்கொள்கிறது.

எல்லா மலையும் எல்லா மாதமும் வறட்சி அல்ல. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஊட்டியில் துணி காய்வதே பெரும்பாடு. கவனமாக இருக்க வேண்டியது உறைபனி விழும் ஜனவரி, அதையடுத்த பிப்ரவரி, மார்ச். லடாக்கில் உள்ள லே போன்ற உயரமான ஊர் ஆண்டு முழுக்க வறண்டது. 3,500 மீட்டர் உயரமுள்ள அந்த ஊருக்குக் கைக்குழந்தையோடு போகும் ராணுவக் குடும்பங்கள், தோலைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஆக்ஸிஜன் குறைவைப் பற்றிக் குழந்தை மருத்துவரிடம் பேசிவிடுவது கட்டாயம்.

கிளம்புவதற்கு முன்

எந்த கிரீமையும் மலையில் போய் முதன்முதலாகத் தடவக் கூடாது. ஒரு வாரம் முன்பே வாங்கி, குழந்தையின் முன்கையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தடவி, இரண்டு நாள் பாருங்கள். சிவப்போ தடிப்போ வரவில்லையென்றால் அதுவே போதும். வாங்கும்போது டப்பாவின் முகப்பைவிடப் பின்பக்கத்தைப் படியுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி, பாரஃபின், கிளிசரின், செராமைடு ஆகியவற்றில் ஏதாவது இருக்க வேண்டும். வாசனை சேர்த்தது வேண்டாம். யூரியா கலந்தது பெரியவர்களின் குதிகால் வெடிப்புக்கு நல்லது, கைக்குழந்தைக்கு எரியும். லோஷனில் தண்ணீர் அதிகம் என்பதால் குளிரில் அது போதாது. கிரீம் பரவாயில்லை, களிம்பு அதைவிட நன்றாகக் காக்கும். விலை அதிகமென்றால் நல்லது என்றில்லை. வாசனையில்லாத சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி பல விலையுயர்ந்த பேபி லோஷன்களைவிட வேலை செய்யும்.

எவ்வளவு வேண்டும்? பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை டியூபிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம், இதுவே ஒரு விரல் அளவு. மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைக்கு முகமும் கழுத்தும் சேர்த்து 1 விரல் அளவு, ஒவ்வொரு கைக்கும் 1, ஒவ்வொரு காலுக்கும் ஒன்றரை, மார்பு வயிற்றுக்கு 1, முதுகும் பிட்டமும் சேர்த்து ஒன்றரை. ஒரு முறைக்கு நாலு கிராமுக்குச் சற்று மேல். காலையும் இரவும் தடவினால் ஒரு வாரத்துக்கு 60 கிராம். கையடக்க டப்பா ஒன்றோடு போகிறவர்கள் மூன்றாம் நாளே மிச்சம் பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். 100 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடவே இரண்டு பழைய பருத்திப் புடவை. விடுதிக் கம்பளியின் முரட்டு இழையும் சலவைத்தூள் மிச்சமும் நேரடியாகக் கன்னத்தில் பட்டால் உரசிச் சிவக்கும். புடவையை மடித்துக் குழந்தைக்கும் கம்பளிக்கும் இடையில் போட்டுவிடலாம். புது ஸ்வெட்டரை ஒருமுறை துவைத்து நன்றாக அலசிய பிறகே போடுங்கள், அதுவும் பருத்திச் சட்டைக்கு மேல்.

குளியல்

முழுக் குளியல் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். நடுநாளில் முகம், கழுத்து மடிப்பு, உள்ளங்கை, டயப்பர் இடம் மட்டும் கழுவித் துடையுங்கள். தண்ணீர் 37 டிகிரி, அதாவது முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்க வேண்டும். காலில் போட்டுக் குளிப்பாட்டும் பாட்டிமார்களுக்கு இந்தச் சூடு பிடிக்காது, “சளி பிடிக்கும்” என்பார்கள். அறையைச் சூடாக்கிக்கொண்டால் அந்தக் கவலை தீரும், தண்ணீரைச் சூடாக்க வேண்டியதில்லை. கொதிக்கக் கொதிக்க ஊற்றும் தண்ணீர் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பூச்சைக் கழுவிவிடுகிறது.

ஐந்து நிமிடத்தில் முடியுங்கள், பத்தைத் தாண்ட வேண்டாம். பயத்தமாவு, கடலைமாவு, நலங்குமாவு மூன்றும் ஊரிலேயே இருக்கட்டும். அவை தேய்த்து எடுப்பவை. மென்மையான, வாசனையில்லாத பேபி வாஷ் கொஞ்சம், அழுக்குப்படும் இடத்துக்கு மட்டும்.

துவட்டும்போது துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தோலில் லேசான ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், களிம்பைத் தடவிவிட வேண்டும். இந்த மூன்று நிமிடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முழுக்கக் காய்ந்தபின் தடவினால் உள்ளே பூட்டிவைக்க ஈரமே இருக்காது. அதனால் குழந்தையைத் தண்ணீரில் விடுவதற்கு முன்பே டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்தான் பழக்கம் என்றால் தேங்காய் எண்ணெய் நல்லது. ஆனால் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். உறைந்த கட்டியைத் தோலில் வைத்துத் தேய்ப்பது உரசலில் முடியும். பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து உருக்கி, உள்ளங்கையில் சூடு பார்த்து, ஈரத்தோலில் பூசுங்கள். அதற்கு மேல் கன்னத்துக்கு மட்டும் ஜெல்லி. வடக்கே மலையூர்களில் கடுகெண்ணெய் தேய்க்கச் சொல்வார்கள், சிலர் ஆலிவ் எண்ணெய் வாங்கி வருவார்கள். இரண்டும் குழந்தைத் தோலின் காப்பு அடுக்கைக் கெடுக்கக்கூடியவை.

கன்னம், உதடு, வாய்

முதலில் கெடுவது கன்னம், அதிலும் எச்சில் படும் இடம். எச்சில் ஊறி, குளிர்காற்றில் காய்ந்து, மறுபடி ஊறினால் தோல் வெடிக்கும். வெளியே கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பும், பால் கொடுப்பதற்கு முன்பும், கன்னத்திலும் முகவாயிலும் மெல்லிய பூச்சாக ஜெல்லி தடவுங்கள். உதட்டுக்கும் அதே ஜெல்லி போதும். குரங்குக் குல்லாயின் கழுத்துப் பகுதி எச்சிலில் நனைந்தே கிடக்கும். இரண்டு குல்லாய் வைத்துக்கொண்டு நனைந்ததும் மாற்றுங்கள். குளிருமே என்று நாலு அடுக்கு போட்டால் உள்ளே வியர்த்து அரிப்பெடுக்கும். பிடரியில் கைவைத்துப் பாருங்கள், ஈரமாக இருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றிவிடலாம்.

குளிர் இருப்பதால் வெயில் சுடுவது தெரியாது, ஆனால் தோலைச் சுடும். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக்கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. ஊட்டி 2,240 மீட்டர். ஆறு மாதத்துக்குக் கீழே சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலும் அகலத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும்தான். அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு எஸ்பிஎஃப் 30, துத்தநாக ஆக்சைடு அடங்கியது. முதலில் கிரீம், அது ஊறியபின் சன்ஸ்கிரீன், இரண்டு மணி நேரத்துக்கொரு முறை மறுபடி. காதுமடலை மறப்பவர்கள் அதிகம்.

அறை

ஹீட்டரைக் குழந்தைக்கு நேராக வைக்காதீர்கள். 20 முதல் 22 டிகிரி போதும். நனைத்துப் பிழிந்த துண்டை நாற்காலியில் விரித்துவைத்தால் ஈரம் கொஞ்சம் ஏறும். காற்றில் ஈரம் சேர்க்கும் கருவியான ஹ்யூமிடிஃபையர் இருந்தால் குளிர்ந்த ஆவி தரும் வகை நல்லது. தண்ணீரைத் தினமும் மாற்றிக் கழுவாவிட்டால் பூஞ்சையைத்தான் ஊதும். கரி அடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் கொண்டுவரவே கூடாது. மணமில்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். சாம்பிராணிப் புகைக்கும் அங்கே வேலையில்லை.

ஆறு மாதம் வரை தாய்ப்பால்தான், தண்ணீர் தேவையில்லை. ஆனால் வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள். ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் போனால் அது தோல் பிரச்சினை இல்லை, உடலில் நீர் குறைகிறது. உடனே மருத்துவரிடம் போங்கள். வெடிப்பில் நீர் கசிந்தாலும், மஞ்சள் பொருக்கு கட்டினாலும், காய்ச்சல் இருந்தாலும், அரிப்பில் தூங்காமல் அழுதாலும் அதேபோல்தான். மருந்துக்கடையில் “அரிப்புக்கு ஒரு கிரீம்” என்று கேட்டால் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்ததை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். குழந்தையின் மெல்லிய தோலில் அதைத் தடவவே தடவாதீர்கள்.

ஊர் திரும்பியதும் கெட்டியான களிம்பை நிறுத்திவிடுங்கள். கடலூர் புழுக்கத்தில் அது வியர்வைத் துளைகளை அடைத்து, இரண்டு நாளில் முதுகெல்லாம் வேர்க்குருவாக்கிவிடும். கன்னத்தில் சொரசொரப்பு மிச்சமிருந்தால் அங்கே மட்டும், இரவில் மட்டும், மெல்லிசாகத் தடவினால் போதும். தினக் குளியலுக்கும் திரும்பிவிடலாம்.